ரியோவில் இருந்திருக்க வேண்டிய ராஜா

அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தபோது மடிக்கணினியை என் பக்கம் திருப்பி ஒரு உலக வரைபடத்தைக் காட்டினான். வரலாற்று வியூக விளையாட்டுகளில் ஊறிப்போனவன் அவன். பழைய நூற்றாண்டு ஒன்றில் ஒரு நாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, போர், கல்யாணம், கடன், கப்பல் என்று நகர்த்தி நகர்த்தி இன்றைய தேதிக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இந்த முறை அவன் எடுத்தது போர்ச்சுகல். பிரேசில் முழுக்கப் பச்சை. அங்கோலா, மொசாம்பிக், இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற நிலம் எல்லாம் பச்சை. அந்த நடு நிலத்துக்கு ஆசைப்பட்டுத்தான் நிஜப் போர்ச்சுகல் 1890இல் பிரிட்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. இவன் சுலபமாகப் பிடித்துவிட்டான். அப்புறம் கோவா, மலாக்கா, மக்காவ், திமோர். நம் பக்கம் நாகப்பட்டினத்தில் ஒரு பச்சைப் புள்ளி. “நம்ம ஊரும் இருக்கு பாருங்க மாமா” என்றான். 1658இல் அதை டச்சுக்காரர்களிடம் பறிகொடுத்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும்; தெரிந்துதான் மாற்றியிருக்கிறான். “தலைநகர் எதுடா?” என்றேன். “லிஸ்பன்தான். வேற எது?” என்றான்.

அந்த “வேற எது” எனக்குள் உட்கார்ந்துகொண்டது. போர்த்துகீசிய மொழி பேசும் பேரரசு ஒன்று இன்றுவரை பிழைத்திருக்க நிஜமாகவே ஒரு வழி இருந்தது. அந்த வழியில் தலைநகர் லிஸ்பன் கிடையாது. 1808 முதல் 1821 வரை பதின்மூன்று ஆண்டுகள் அந்த அரசு ரியோ டி ஜெனிரோவில்தான் இருந்தது. ஐரோப்பிய அரச குடும்பம் ஒன்று தன் காலனியில் குடியேறி, அங்கிருந்து தாய்நாட்டை ஆண்டது. இங்கே வைஸ்ராய்களை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு அதைக் கற்பனை செய்வதே கொஞ்சம் கஷ்டம். விக்டோரியா மகாராணி கல்கத்தாவில் வீடு பார்த்து, பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, லண்டனுக்குக் கவர்னர் அனுப்பியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

“இப்படி நடந்திருந்தால்” என்று யோசிப்பது வெட்டிவேலை என்று வரலாற்று ஆசிரியர்கள் சிலர் சொல்வார்கள். போர்த்துகீசியர்களிடம் போய் அதைச் சொல்ல முடியாது. 1578 ஆகஸ்ட் 4 அன்று, இருபத்துநான்கு வயது ராஜா செபஸ்தியான் மொராக்கோவில் அல்காசர் கிபிர் போர்க்களத்தில் காணாமல் போனார். வாரிசு இல்லை. இரண்டே வருடத்தில் நாடு ஸ்பெயின் ராஜாவின் கைக்குப் போனது. மக்கள் நம்ப மறுத்தார்கள்: ராஜா சாகவில்லை, பனிமூட்டமான ஒரு காலையில் திரும்பி வருவார். நான்தான் செபஸ்தியான் என்று சொல்லிக்கொண்டு நான்கு பேர் கிளம்பினார்கள். அதில் ஒருவர் ஸ்பெயினில் மத்ரிகால் என்ற ஊரில் பலகாரக் கடை வைத்திருந்தவர், தூக்கில் போட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் அந்தோனியோ வியெய்ரா என்ற ஏசுசபைப் பாதிரியார், உலகின் ஐந்தாம் பேரரசு போர்த்துகீசியருடையது என்று எழுதி, திருச்சபையின் மதவிரோத விசாரணைமன்றச் சிறைக்குப் போனார். 1897இல் பிரேசிலின் வறண்ட உள்நாட்டில் கனுதோஸ் என்ற குடியேற்றத்தைக் குடியரசு ராணுவம் தரைமட்டமாக்கியபோதுகூட, உள்ளே இருந்த ஏழைகளில் சிலர் செபஸ்தியானின் படை வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்நூறு வருடத்துக்கு மேல் ஒரு ராஜாவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு மாற்று வரலாறு என்ன புதிதா?

மூட்டை கட்டிய அரசு

1807 நவம்பர் கடைசியில் நெப்போலியனின் தளபதி ஜுனோ லிஸ்பனை நெருங்கிக்கொண்டிருந்தார். நவம்பர் 29 அன்று கப்பல்கள் தேஜோ நதியை விட்டுக் கடலில் இறங்கின. மறுநாள் பிரெஞ்சுப் படை ஊருக்குள் நுழைந்தது. கப்பல்களில் இளவரசர் ஜோவாவ், மனநலம் குன்றிய அவருடைய தாய் ராணி மரியா, மனைவி கார்லோத்தா, பிள்ளைகள், அமைச்சர்கள், நீதிபதிகள், வேலைக்காரர்கள், கஜானா. எத்தனை ஆயிரம் பேர் போனார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் சண்டை. அவசரத்தில் அரச நூலகத்தின் பெட்டிகள் மழையில் துறைமுகத்திலேயே கிடந்தன. பின்னால் பல தவணைகளில்தான் ரியோ போய்ச் சேர்ந்தன. இன்றைய பிரேசில் தேசிய நூலகத்துக்கு அஸ்திவாரம் அந்தப் பெட்டிகள்தான். துறைமுகத்துக்குப் போகும் வழியில் ராணி மரியா, “இவ்வளவு வேகமாக ஓட்டாதே, ஓடிப்போகிறோம் என்று நினைப்பார்கள்” என்று வண்டிக்காரனிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தக் கூட்டத்தில் புத்தி தெளிவாக இருந்தது அந்த அம்மா ஒருவருக்குத்தான் என்று தோன்றும்.

இது திடீர் யோசனையும் இல்லை. லூயிஸ் டா குன்யா என்ற தூதர் 1730களிலேயே, ராஜா ரியோவுக்குக் குடிபெயர்ந்து மேற்குலகின் பேரரசர் என்று பட்டம் சூட்டிக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருந்தார். காரணம் சின்னது: போர்ச்சுகலுக்கு பிரேசில் இல்லாமல் முடியாது, பிரேசிலுக்கு போர்ச்சுகல் இல்லாமல் முடியும்.

ரியோ அதற்குமுன் ஒரு காலனித் துறைமுகம், அவ்வளவுதான். அச்சகம் வைக்கக்கூட அனுமதி இல்லாத நாடு பிரேசில். 1808 ஜனவரியில் துறைமுகங்கள் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தன. மே மாதம் அச்சகம், ஜூனில் தாவரவியல் தோட்டம், அக்டோபரில் பாங்கோ டோ பிரசில். வந்திறங்கிய பெரிய மனிதர்களுக்கு வீடு வேண்டுமே? நல்ல வீடுகளின் கதவில் இளவரசரின் பெயரெழுத்துகளை எழுதிவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் காலி செய்துவிட வேண்டும். 1815 டிசம்பரில் பிரேசில் காலனி என்ற நிலையிலிருந்து உயர்ந்தது: போர்ச்சுகல், பிரேசில், அல்கார்வ் (போர்ச்சுகலின் தென்பகுதி) ஒன்றிய முடியரசு. தாய் இறந்தபின் ஜோவாவ் 1818இல் ரியோவிலேயே முடிசூடினார். ஊர் அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஐரோப்பாவில் போர் முடிந்து மூன்று வருடம் ஆகியும் திரும்பிப் போகும் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தப் பக்கம் போர்ச்சுகல் என்ன ஆனது? பிரெஞ்சுக்காரர்கள் மூன்று முறை வந்து போனார்கள். ராணுவம் பெரஸ்போர்ட் என்ற ஆங்கிலத் தளபதியின் கையில். பிரேசில் துறைமுகங்கள் திறந்ததும் லிஸ்பன், போர்த்தோ வியாபாரிகளின் ஏகபோகம் போயிற்று. வரி ரியோவுக்கு, உத்தரவு ரியோவிலிருந்து. தங்கள் காலனிக்குத் தாங்களே காலனியாகிவிட்டோம் என்ற புழுக்கம் 1820 ஆகஸ்ட் 24 அன்று போர்த்தோவில் புரட்சியாக வெடித்தது. அரசியல் சட்டம் வேண்டும், நாடாளுமன்றம் வேண்டும், ராஜா வீட்டுக்கு வர வேண்டும். தாராளவாதப் புரட்சி என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். எனக்கு என்னவோ அது, பேரரசிலிருந்து பிரிந்து போக முதலில் துடித்த பகுதி போர்ச்சுகலேதான் என்பதற்குச் சாட்சியாகத்தான் தெரிகிறது.

சில வாரத்தில் மாறிய முடிவு

இங்கேதான் என் கட்டைவிரல் எப்போதும் நிற்கும். ராஜா என்ன செய்யலாம்? 1821 பிப்ரவரியில் ரியோ அரண்மனையில் எடுத்த முதல் முடிவு: மகன் பெட்ரோ லிஸ்பனுக்குப் போவார், அப்பா ரியோவில் இருப்பார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இருபத்திரண்டு வயது இளவரசன் பழைய நாட்டில் நாடாளுமன்றத்தோடு மல்லுக்கட்ட, ராஜா புதிய நாட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். பிரேசிலுக்குத் தன்னை வெட்டிக்கொண்டு போக ஒரு இளவரசனும் இல்லை, காரணமும் இல்லை. ஆனால் பெட்ரோவின் மனைவி லெயோபோல்தினா நிறைமாத கர்ப்பிணி. கணவரைத் தனியாக அனுப்ப அவருக்கு மனமில்லை. பெட்ரோவுக்கும் போக இஷ்டம் இல்லை. பிப்ரவரி 26 அன்று ரியோ சதுக்கத்தில் போர்த்துகீசியப் படைகள் கூடி, இன்னும் எழுதியே முடிக்காத அரசியல் சட்டத்துக்கு ராஜா இப்போதே சத்தியம் செய்ய வேண்டும் என்று நின்றன. பெட்ரோ குதிரையில் அரண்மனைக்கும் சதுக்கத்துக்குமாக ஓடினார். கடைசியில் ராஜா கிளம்பி வந்தபோது கூட்டம் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு போனதாம். அன்பில்தான் இழுத்தார்கள். பாரிஸில் ஒரு ராஜாவின் தலை போன கதை மனதில் இருந்த ஜோவாவுக்கோ கைகால் நடுங்கியது என்கிறார்கள்.

மார்ச் 6 அன்று லெயோபோல்தினாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மார்ச் 7 அன்று புதிய ஆணை: ராஜா போகிறார், பெட்ரோ பிரேசிலில் பிரதிநிதியாக இருப்பார். அப்படியே தலைகீழ்.

ஏப்ரல் 21 அன்று ரியோவின் வணிக மண்டபத்தில் வாக்காளர் பிரதிநிதிகள் கூடினார்கள். கட்டி முடித்து ஒரு வருடம்கூட ஆகாத மண்டபம். கூட்டம் பொங்கிவிட்டது. ஸ்பெயினின் காதிஸ் அரசியல் சட்டத்தை இப்போதைக்கு இங்கே அமல்படுத்து, கஜானாவை ஏற்றிய கப்பல்களைத் துறைமுகத்தை விட்டு வெளியே விடாதே என்றெல்லாம் இரவு முழுக்கத் தீர்மானம். விடியற்காலையில் படை உள்ளே புகுந்து சுட்டது. அதன்பின் யாரோ மண்டபத்துச் சுவரில் ‘பிரகான்சாக்களின் கசாப்புக் கடை’ என்று எழுதி வைத்தார்கள்; பிரகான்சா என்பது அரச குடும்பத்தின் பெயர். அந்தக் கட்டடம் இன்றும் கலாச்சார மையமாக நிற்கிறது. ஏப்ரல் 26 அன்று ராஜா கப்பல் ஏறினார். வங்கியில் இருந்த தங்கமும் நாணயமும் கூடவே போயின. கிளம்பும் முன் மகனிடம், பிரேசில் பிரிந்துதான் ஆகும் என்றால் யாரோ ஒரு சாகசக்காரன் கையில் போவதைவிட உன் கையில் போகட்டும் என்று சொன்னதாக, பின்னால் பெட்ரோவே அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் நினைவுபடுத்துகிறார். விவரமான மனிதர். கோழி வறுவலைச் சட்டைப்பையில் வைத்துத் தின்கிற சோம்பேறி ராஜா என்று பிரேசிலில் கேலிச்சித்திரம் வரைந்தே அவரைக் காலிசெய்துவிட்டார்கள். நெப்போலியனை ஏமாற்றிவிட்டு முடியோடு தப்பிய ராஜாக்கள் ஐரோப்பாவில் எத்தனை பேர்?

அதன்பிறகும் ஒரு வாசல் திறந்திருந்தது. சாவ் பாவ்லோவைச் சேர்ந்த ஜோசே போனிஃபாசியோ, சுரங்கவியல் படித்து ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்த கனிமவியலாளர், 1821 அக்டோபரில் லிஸ்பன் நாடாளுமன்றத்துக்குக் கிளம்பிய தன் மாகாணப் பிரதிநிதிகளுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஒன்றிய முடியரசைப் பிரிக்கக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் சம பிரதிநிதித்துவம். ராஜா எங்கே இருப்பது என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள், வேண்டுமானால் முறைவைத்து மாறி மாறி இருக்கட்டும். ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோப்பு மூட்டைகள் லாரியில் போய்வந்ததே, அதை அட்லாண்டிக் கடலுக்குமேல் யோசித்திருக்கிறார் மனிதர். பிரேசிலின் உள்நாட்டில், சுமார் 15 டிகிரி அட்சரேகையில், அரசு இருக்க ஒரு புதிய நகரம் கட்டுங்கள் என்றும் அதில் இருக்கிறது. 1960 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிரசிலியா 15 டிகிரி 47 நிமிடத்தில் இருக்கிறது. மாற்று வரலாற்றின் தலைநகர் எது என்று கேட்டால், நான் அந்தக் குறிப்பைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

லிஸ்பன் கேட்கவில்லை. பிரேசில் பிரதிநிதிகளில் பலர் போய்ச் சேர்வதற்குள்ளாகவே, ரியோவின் நீதிமன்றங்களைக் கலைக்கவும் பெட்ரோவைத் திரும்ப அழைக்கவும் முடிவாகிவிட்டது. மண்டபத்து மாடத்திலிருந்து பொதுமக்கள் பிரேசில்காரர்களைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். 1822 ஜனவரி 9 அன்று ‘இங்கேயே இருக்கிறேன்’ என்று பெட்ரோ ரியோவில் அறிவித்தார். செப்டம்பர் 7 அன்று விடுதலை. அக்டோபரில், அரசியல் சட்டத்துக்குச் சத்தியம் செய்ய மறுத்த ஏழு பிரேசில் உறுப்பினர்கள் ஆங்கிலத் தபால் கப்பல் ஒன்றில் ஏறி இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குத் தப்பினார்கள். சொந்த நாடாளுமன்றத்திலிருந்து ஓடிவந்த எம்.பி.க்கள்! கோவாவும் அதே தேர்தலில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் பெர்னார்டோ பெரெஸ் டா சில்வா, 1835இல் கோவாவின் நிர்வாகத்தை ஏற்ற முதல் மண்ணின் மைந்தர். சில வாரங்களுக்குள் வெள்ளை ராணுவ அதிகாரிகள் அவரைக் கவிழ்த்துவிட்டார்கள். அந்தப் பேரரசு சம உரிமையை எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு அது ஒரு சின்ன சோதனை.

சரி, போனிஃபாசியோ ஜெயித்திருந்தால்? இன்றைய கணக்கில் போட்டுப் பார்க்கிறேன். 2022 கணக்கெடுப்பில் பிரேசில் இருபது கோடி; போர்ச்சுகல் ஒரு கோடிச் சொச்சம். அங்கோலா, மொசாம்பிக் இரண்டும் தனித்தனியே மூன்று கோடியைத் தாண்டிவிட்டன. ஆளுக்கொரு ஓட்டு என்றால் நாடாளுமன்றத்தில் லிஸ்பன் குரல் எங்கோ பின்வரிசையில் கேட்கும். சம பிரதிநிதித்துவம் என்ற 1821 ஏற்பாடு நீடித்தால் பிரேசில் பொறுக்காது. எந்தப் பக்கம் போனாலும், அந்தப் பேரரசு பிழைப்பதற்கு முதல் நிபந்தனை போர்ச்சுகல் ஒரு மாநிலமாகச் சுருங்குவது. லிஸ்பனில் விடுதலைக் கட்சி ஒன்று தேர்தலுக்குத் தேர்தல் வளரும். கேட்டலோனியாக்காரர்களிடம் ஆலோசனை கேட்கும். இதுவரை விளையாட்டாகவே இருந்தது. நானும் ரசித்துத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு

பிரேசிலின் விடுதலையை போர்ச்சுகல் 1825 ஆகஸ்ட் 29 அன்று ரியோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டது. விலை இருபது லட்சம் பவுண்டு, நடுவர் பிரிட்டன். எல்லோரும் அந்தப் பணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். மூன்றாம் பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. வேறு எந்தப் போர்த்துகீசியக் காலனியும் பிரேசிலோடு சேர வந்தால் அதை ஏற்க மாட்டேன் என்று பெட்ரோ வாக்குக் கொடுக்கிறார். எந்தக் காலனி அப்படிச் சேர வந்தது? அங்கோலா. அங்குள்ள பெங்கேலா துறைமுகத்தில் 1820களின் தொடக்கத்தில் பிரேசிலோடு இணைய வேண்டும் என்று ஒரு கட்சியே இருந்தது. ஏன் சேர விரும்பினார்கள்? மொழிப்பற்றா, ராஜபக்தியா? அங்கிருந்த வியாபாரிகள் ரியோவுக்கு மனிதர்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர் இருக்கிற நாட்டோடு சேர்ந்துகொள்வதுதானே வசதி.

இதைப் படித்த பிறகு அந்த வரைபடம் எனக்குப் பழையபடி தெரியவில்லை. 1815இல் பிரிட்டன் கொடுத்த நெருக்கடியில், பூமத்திய ரேகைக்கு வடக்கே அடிமை வியாபாரத்தை விடுவதாக போர்ச்சுகல் ஒப்புக்கொண்டது. தெற்கே, தன் சொந்த நிலப்பகுதிகளுக்குள், தடை இல்லை. அங்கோலாவும் பிரேசிலும் ஒரே நாடாக நீடித்திருந்தால் லுவாண்டாவிலிருந்து ரியோவுக்குப் போகும் கப்பல் உள்நாட்டுப் போக்குவரத்து. தூத்துக்குடியிலிருந்து கொச்சிக்குச் சரக்கு போவதுபோல. சுதந்திர பிரேசிலைத் தனியாகப் பிடித்து நெருக்கியதால்தான் பிரிட்டன் 1826இல் ஒரு ஒப்பந்தம் வாங்க முடிந்தது; அப்போதும் 1831 சட்டம் ஏட்டில் கிடந்தது, வியாபாரம் நிஜமாக நின்றது 1850க்குப் பிறகு. ஒன்றுபட்ட, பெரிய, சொந்தக் கடற்படை வைத்திருக்கிற ஒரு பேரரசிடம் அது இன்னும் எத்தனை வருடம் இழுத்திருக்கும்? மொத்தமாகச் சுமார் 48 லட்சம் ஆப்பிரிக்கர்களைப் பிரேசிலில் இறக்கினார்கள். அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட அத்தனை பேரில் பத்துக்கு நான்கு.

ரியோவில் வலோங்கோ துறை என்று ஒன்று. 1811இல், அதாவது அரசவை அங்கே வந்தபின், கல் பாவிக் கட்டியது. ஒன்பது லட்சம் பேர் வரை அந்த வழியாக இறங்கியிருக்கலாம் என்பது யுனெஸ்கோ தரும் மதிப்பீடு. 1843இல் பெட்ரோவின் மகன் இரண்டாம் பெட்ரோவுக்கு நேப்பிள்ஸிலிருந்து மணப்பெண் வந்தபோது அதன்மேல் அழகான புதிய கல் பாவி, பேரரசியின் துறை என்று பெயரும் மாற்றினார்கள். பின்னால் அதையும் மண் மூடியது. 2011இல் ஒலிம்பிக்கை ஒட்டித் துறைமுகப் பகுதியைப் புதுப்பிக்கத் தோண்டும்போது மேலே பேரரசியின் கல்லும் கீழே வலோங்கோவின் கரடுமுரடான கல்லும் அடுக்கடுக்காக வெளியே வந்தன. கூடவே பாசிமணிகள், சோழிகள், புகைக்குழாய்கள், மோதிரங்கள். பக்கத்திலேயே 1996இல் ஒரு குடும்பம் வீட்டைப் பழுதுபார்க்கத் தரையைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. இறங்கியதும் விற்கப்படுவதற்குள்ளேயே இறந்தவர்களை எரித்தும் எரிக்காமலும் ஆழமில்லாத குழிகளில் போட்ட இடம் அது. வீடு இப்போது அருங்காட்சியகம். ஜோவாவ் கட்டிய ரியோவைப் பற்றி எழுதுகிறவர்கள் தோட்டத்தையும் நூலகத்தையும் அச்சகத்தையும் வரிசைப்படுத்துவார்கள். நானும் மேலே அதைத்தான் செய்திருக்கிறேன். 1811க்கு நேரே வலோங்கோ என்று எழுத மறந்துவிடும்.

போனிஃபாசியோவுக்கு இது தெரியும். அதே குறிப்பில் அடிமைகளின் படிப்படியான விடுதலையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 1823இல் பிரேசில் அரசியல் நிர்ணய சபைக்கு, சில வருடங்களில் வியாபாரத்தை நிறுத்தவும் அடிமைமுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழிக்கவும் ஒரு விண்ணப்பம் தயாரித்தார். நவம்பரில் பெட்ரோ சபையைக் கலைத்து அவரை பிரான்சுக்கு நாடு கடத்தினார். பேரரசை ஒன்றாக வைத்திருக்கத் திட்டம் போட்ட ஒரே ஆளும், அதன் அடிவயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளும் ஒருவராகவே இருந்தார். மீதிக் கதை அறுபத்தைந்து வருடம் கழித்து முடிந்தது. 1888 மே 13 அன்று இளவரசி இசபெல் அடிமை ஒழிப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆத்திரப்பட்ட தோட்ட முதலாளிகள் பலர் மறுநாளே குடியரசுக் கட்சிக்காரர்கள் ஆனார்கள். பதினெட்டு மாதத்தில் பிரேசில் முடியாட்சியும் காலி. அடிமைகளை விட்டதும் அந்தப் பேரரசால் நிற்க முடியவில்லை.

முழுக்கக் காலியா என்றால், அதுவும் இல்லை. ரியோவுக்குப் பக்கத்து மலையில் பெட்ரோபோலிஸ் நகரம் இருக்கிறது. அதன் மையப் பகுதியில் வீடோ மனையோ கைமாறினால் விலையில் இரண்டரை சதவீதம் பழைய அரச குடும்பத்தின் வாரிசுகளுக்குப் போகிறது. நிலம் முதலில் அவர்களுடையது என்ற கணக்கு. 1993இல் முடியாட்சி வேண்டுமா குடியரசு வேண்டுமா என்று நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தியபோது வாக்குச்சாவடிக்கு வந்தவர்களில் பத்துக்கு ஒருவர் ராஜா வேண்டும் என்றார்கள்.

எனக்கு வேலை கப்பல் சரக்கு ஆவணங்களோடு. லுவாண்டாவில் எங்களுக்கு ஒரு தொடர்பாளர் உண்டு. என் வயதுதான் இருக்கும். ஒரு கன்டெய்னர் தாமதமானதைப் பற்றிப் பேசி முடித்தபின் பேச்சுவாக்கில் இந்த வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். “எங்கள் வீட்டில் தாத்தாவின் கடெர்னெட்டா இன்னும் இருக்கிறது” என்றார். பழைய அங்கோலாவில் ‘பூர்வகுடி’ என்று வகைப்படுத்திய ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டிய அடையாளப் புத்தகம். எங்கே வேலை, வரி கட்டியாயிற்றா, எந்த ஊரை விட்டு எந்த ஊருக்குப் போக அனுமதி, எல்லாம் அதில். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. அடுத்த கன்டெய்னருக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது சர்வாதிகாரி சலசாரின் போர்ச்சுகல். பேரரசு பிழைத்தால் எப்படி இருக்கும் என்பதை நாம் கற்பனை செய்யவே தேவையில்லை. இருபதாம் நூற்றாண்டில் அதை நடத்திக் காட்டினார்கள். 1934இல் போர்த்தோ காலனிக் கண்காட்சிக்காக என்ரிக் கால்வாவ் என்ற அதிகாரி ஒரு சுவரொட்டி தயாரித்தார்: ஐரோப்பிய வரைபடத்தின்மேல் அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் ஒட்டி, ‘போர்ச்சுகல் சின்ன நாடு அல்ல’ என்று தலைப்பு. 1951இல் காலனிகள் என்ற பெயரையே எடுத்துவிட்டு கடல்கடந்த மாகாணங்கள் ஆக்கினார்கள். ஒரே நாடு, பல கண்டங்கள். ஆனால் 1950 கணக்கெடுப்பில் அங்கோலாவின் கறுப்பின மக்களில் குடியுரிமைத் தகுதி பெற்றவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மற்றவர்களுக்குக் கடெர்னெட்டாவும் கட்டாய வேலையும். சுவரொட்டி போட்ட அதே கால்வாவ் 1947இல் அங்கோலாவின் கட்டாய உழைப்பைப் பற்றிக் கடுமையான அறிக்கை ஒன்று எழுதினார். சிறைக்குப் போனார், தப்பினார், 1961 ஜனவரியில் சாந்தா மரியா என்ற பயணிகள் கப்பலைக் கடலில் கைப்பற்றி உலகச் செய்தியானார். அதே வருடம் அங்கோலாவில் போர் தொடங்கியது. டிசம்பரில் கோவா போனது. பதின்மூன்று வருடம் மூன்று நாடுகளில் போர் நடத்திக் களைத்த ராணுவமே 1974 ஏப்ரல் 25 அன்று லிஸ்பனில் ஆட்சியைக் கவிழ்த்தது.

லுவாண்டாக்காரரோடு பேசிய பிறகு, போர்த்துகீசிய மொழி பேசும் நாடு ஒன்று பிழைத்திருந்தால் என்று யோசிக்க எனக்கு வேறு ஒரு இடம் கிடைத்தது. பிரேசிலின் வடகிழக்கில், இன்றைய அலகோவாஸ் மாநிலத்தில், தப்பிவந்த அடிமைகள் பதினேழாம் நூற்றாண்டு முழுக்க நடத்திய பல்மாரெஸ். ஊர்கள், வயல்கள், தலைவர்கள், மரவேலிக் கோட்டை எல்லாம் இருந்த நாடு. ஆப்பிரிக்க மொழிகளோடு போர்த்துகீசியமும் கலந்து பேசியிருப்பார்கள். 1678இல் பெர்னம்புகோ ஆளுநர் அதன் தலைவர் கங்கா சும்பாவோடு சமாதானம் பேசினார். பல்மாரெஸில் பிறந்தவர்கள் சுதந்திரமானவர்கள், நிலம் உண்டு, வியாபாரம் செய்யலாம். பதிலுக்கு, தோட்டங்களிலிருந்து ஓடிவந்தவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். கங்கா சும்பா ஒப்புக்கொண்டார். பல்மாரெஸின் இன்னொரு தலைவர் சும்பி ஒப்புக்கொள்ளவில்லை, தலைமை அவரிடம் போனது, போர் தொடர்ந்தது. 1694இல் கோட்டை விழுந்தது, 1695 நவம்பர் 20 அன்று சும்பியைக் கொன்றார்கள். 2024 முதல் அந்த நாள் பிரேசில் முழுக்க அரசு விடுமுறை. ஓடிவந்தவர்களை ஒப்படைக்கச் சொல்லும் அந்த நிபந்தனை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்? இப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சிரமம் என்னவென்றால், கிடைக்கிற காகிதம் எல்லாம் அவர்களை அழிக்கப் போன ஆளுநர்களும் தளபதிகளும் எழுதியவை. பல்மாரெஸ்காரர்கள் தங்கள் கையால் எழுதிய வரி ஒன்றும் அதில் இல்லை.